தீவிலிருந்து பிள்ளையை எங்கே அனுப்புவது?

போன மாதம் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, பாம்பனிலிருந்து வந்திருந்த ஒரு தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு நாலு வயதில் ஒரு மகள். பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. “அக்கா, ராமநாதபுரத்தில் ஸ்பெஷல் ஸ்கூலில் சேர்ப்போம் என்கிறார் வீட்டுக்காரர். மதுரையில் விடுதியோடு இருக்கிற இடத்தில் விட்டுவிடு என்கிறார் மாமனார். அங்கன்வாடி டீச்சர் நம்மூர்ப் பள்ளியிலேயே சேர் என்கிறார். மாமியாரோ, இவள் அப்பனும் லேட்டாகத்தான் பேசினான், சும்மா இரு என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்க?” என்றாள்.

வாசலில் நின்று சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் என் மகனை வைத்துக்கொண்டு ஏழு வருஷமாக நானும் இதே கேள்வியோடுதான் அலைந்தேன். அவனுக்கு இப்போது பத்து வயது. மூளை முடக்குவாதம், அதோடு அறிவுசார் குறைபாடும் உண்டு. ஸ்பெஷல் ஸ்கூல், ஊர்ப்பள்ளி, வட்டார வள மையம், வீட்டுப் பயிற்சி எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம். விடுதி ஒன்றையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அந்தத் தங்கச்சிக்குச் சொன்னதையும் அன்றைக்குச் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன். தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் கடற்கரையோரம் இப்படி ஒரு பிள்ளையை வைத்திருக்கிற அம்மா அப்பாவுக்கும், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற பாட்டிமாருக்கும் இதில் ஏதாவது ஒன்று பயன்படும்.

எந்த இடம் நல்ல இடம் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் கேட்கச் சொல்வது வேறு: மாதத்தில் எத்தனை நாள் நம் பிள்ளைக்கு அங்கே பாடமோ பயிற்சியோ கையில் கிடைக்கும்? எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் மாதக் காலண்டர் ஒன்று தொங்குகிறது. மகனுக்கு வகுப்போ தெரபியோ கிடைத்த நாளில் பச்சைப் பேனாவால் ஒரு சுழி போடுவேன். அவன் ஸ்பெஷல் ஸ்கூலுக்குப் போன வருஷம் பள்ளி நடந்தது 200 நாளுக்கு மேல். காலண்டரில் சுழி 91. அந்தத் தொண்ணூற்று ஒன்றை எண்ணி முடித்த ராத்திரிதான் எனக்குப் புத்தி தெளிந்தது.

முதலில் ஆஸ்பத்திரி

பாம்பன் தங்கச்சியிடம் நான் முதலில் சொன்னது, பள்ளிக்கூடப் பேச்சை ஒரு மாதம் தள்ளிவை என்பதுதான். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு முதலில் பார்க்க வேண்டியது காது. காது கேட்காததாலும் பேச்சு வராது, ஆட்டிசத்தாலும் வராது, அறிவுசார் குறைபாட்டாலும் வராது. மூன்றுக்கும் போகிற வழி மூன்று திசை. அது தெரியாமல் பள்ளி தேடுவது, காற்று எந்தப் பக்கம் என்று பார்க்காமல் பாய் கட்டுகிற மாதிரி.

2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்குப் பரிசோதனை உண்டு. டாக்டர் வண்டி அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு முறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். அங்கே குறை கண்டுபிடித்தால் மாவட்டத்தில் உள்ள ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு எழுதித் தருவார்கள். குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், பிசியோதெரபிஸ்ட், சிறப்பாசிரியர் என்று எல்லாரும் ஒரே கூரைக்குள் இருந்து பார்க்க வேண்டும் என்பதுதான் அந்த மையத்தின் ஏற்பாடு. ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி 2022 ஜனவரியிலிருந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாகிவிட்டது. காது, கண், நரம்பு என்று மதுரைக்கு ஓடின ஓட்டம் அதனால் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

காதுக் குறை என்று தெரிந்தால் ஒரு நாளும் வீணாக்கக் கூடாது. காதுக்குள் கருவி வைக்கிற காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷன் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு, ஆனால் 6 வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்குத்தான். நாலு வயதுப் பிள்ளை விஷயத்தில் மாமியார் சொல்வதுபோல “சும்மா இரு” என்று இரண்டு வருஷம் இருந்துவிட்டால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். மாமியார் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் அம்மாவும் இதையேதான் சொன்னார்கள். பயத்தில் சொல்கிற வார்த்தை அது.

அதே நடையில் மாற்றுத்திறனாளி சான்றும், யு.டி.ஐ.டி. கார்டு என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் எடுத்துவிடுங்கள். 2016-ம் ஆண்டுச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் வரும். குறைந்தது 40 சதவீதம் என்று சான்றில் இருந்தால்தான் பெரும்பாலான உதவிகள் திறக்கும். சின்ன வயதில் தருவது தற்காலிகச் சான்றாக இருக்கும், பிற்பாடு மறுபடி மதிப்பிடுவார்கள். சான்று வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்தியதாகிவிடும் என்று தயங்குகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை, பஸ் பாஸ், ரயில் சலுகை, பரீட்சையில் கூடுதல் நேரம் எல்லாவற்றுக்கும் அந்தத் தாள்தான் சாவி. முத்திரை ஊர் வாயில் ஏற்கெனவே குத்தியாகிவிட்டது. சலுகையையாவது விடாமல் வாங்குவோம்.

ஸ்பெஷல் ஸ்கூல்: நல்லதுதான், ஆனால் தூரம்

ராமநாதபுரம் டவுனில் என் மகன் போன பள்ளியைப் பற்றி எனக்கு நன்றி மட்டும்தான் இருக்கிறது. வகுப்பில் எட்டுப் பத்துப் பிள்ளைகள். வயதைப் பார்த்துப் பிரிக்காமல், என்ன செய்ய வருகிறது என்று பார்த்துப் பிரித்திருந்தார்கள். முதல் மூன்று மாதம் எழுத்து, எண் எதுவும் கிடையாது. டம்ளரைப் பிடிப்பது மட்டும்தான். ஸ்டீல் டம்ளர் வழுக்குகிறது என்று டீச்சர் சைக்கிள் டியூபை வெட்டி அதில் மாட்டினார். கால் டம்ளர் தண்ணீர், அப்புறம் அரை டம்ளர், அப்புறம் முழுசு. ஒரு நாள் சாயங்காலம் வீட்டில் என் காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினான். பாதி சட்டையில் கொட்டியது. நான் அந்தச் சட்டையை அன்றைக்குத் துவைக்கவில்லை.

சிறப்பாசிரியர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும், 1992-ம் ஆண்டுச் சட்டம் அது. சேர்ப்பதற்கு முன் பதிவு எண்ணைத் தயங்காமல் கேளுங்கள். நல்ல பள்ளி அதைக் கேட்டதற்காகக் கோபப்படாது. பிள்ளைக்கு என்று தனிக் கல்வித் திட்டம் எழுதித் தருவார்களா, அதில் என்ன எழுதினார்கள் என்று நமக்குக் காட்டுவார்களா என்றும் கேட்க வேண்டும்.

இவ்வளவு நல்ல பள்ளியில் 91 நாள்தான் ஏன் கிடைத்தது? காலை ஏழேகாலுக்கு வீட்டை விட்டுக் கிளம்புவோம். இங்கிருந்து ராமநாதபுரம் ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். இடையில் நான் வீட்டுக்கு வந்து திரும்பவும் போக முடியாது, அதனால் பள்ளித் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பேன். எங்கள் ஊரில் மல்லிகை நாற்றுப் பண்ணைகள் பிழைப்புத் தருகின்றன. பதியன் போடுகிற, நாற்றுக் கட்டுகிற வேலைக்கு நான் போவேன். அந்த வருஷம் முழுக்கக் கூலி போனது. ஆடி அமாவாசை, தை அமாவாசை வந்தால் ராமேஸ்வரம் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அவனுக்குச் சளி பிடித்தால் ஒரு வாரம் போய்விடும். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறக்கிற வரைக்கும் தீவுக்குள் ரயிலே இல்லை. எங்கள் ஸ்பெஷல் ஸ்கூல் வருஷம் சரியாக அதற்குள் விழுந்தது. கழுத்து நிற்காத பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் பாலம் ஏறும்போது காற்று ஜன்னலில் அறைகிற சத்தத்துக்கு அவன் விறைத்துப்போவான். இறங்கின பிறகு அந்த விறைப்பு இளகவே அரை மணி நேரம் ஆகும்.

பள்ளிக்கோ சிகிச்சைக்கோ போய்வர அரசுப் பஸ்ஸில் இலவசப் பாஸ் உண்டு. கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் இருக்கிற மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தருகிறார்கள். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்குத் துணைக்கு வருகிறவருக்கும் சேர்த்துத்தான். ஆகையால் காசு பிரச்சினை இல்லை. நாள்தான் பிரச்சினை.

கீழக்கரை, உச்சிப்புளி, தேவிபட்டினம், திருப்புல்லாணி பக்கம் இருக்கிறவர்களுக்கு என் பதில் வேறு. உங்களுக்கு டவுன் பக்கம். பள்ளி வேன் வாசலுக்கு வருமானால் யோசிக்கவே வேண்டாம், ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரையாவது ஸ்பெஷல் ஸ்கூலுக்கு அனுப்புங்கள். தீவிலிருந்தும், தொண்டி, நம்புதாளை, சாயல்குடி, மூக்கையூர்ப் பக்கத்திலிருந்தும் தினமும் போய்வருவது மட்டும் தாயும் பிள்ளையும் தாங்குகிற காரியமாக எனக்குத் தெரியவில்லை. டவுனில் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கியவர்களைத் தெரியும். அப்பா கடலில், அம்மா டவுனில், மூத்த பிள்ளை பாட்டி வீட்டில் என்று குடும்பம் மூன்றாகப் பிரிந்தது.

ஊர்ப்பள்ளியும் பி.ஆர்.சி.யும்

இதைப் பற்றித்தான் நிறையப் பேருக்குச் சந்தேகம். “அங்கே போய் இவன் என்ன படிக்கப் போகிறான்?” என்று என்னிடம் கேட்டவர்களில் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியரும் உண்டு. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அட்மிஷன் போட முடியாது என்று சொல்லி எங்களை அனுப்பிவிட்டார்கள். அழுதுகொண்டே வந்தேன். பிறகுதான் சட்டம் தெரிந்தது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைக்கு இலவசக் கல்வி உரிமை. அதுவும் அருகில் உள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கிற உரிமை பிள்ளைக்கு. 2016-ம் ஆண்டுச் சட்டத்தின் 31-வது பிரிவு அது. அரசுப் பள்ளியோ, அரசு உதவி பெறும் பள்ளியோ குறைபாட்டைக் காரணம் காட்டி மாட்டேன் என்று சொல்ல வழியில்லை.

சட்டத்தைச் சொல்லி நான் சண்டைக்குப் போகவில்லை. எங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்துக்குப் போனேன். எல்லாரும் பி.ஆர்.சி. என்றுதான் சொல்வோம். ராமநாதபுரம் மாவட்டத்தில் 11 ஒன்றியம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பி.ஆர்.சி. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அங்கே சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், பிசியோதெரபி கொடுக்க வருகிறார்கள். அந்தச் சிறப்பாசிரியர் என்னோடு வேறொரு பள்ளிக்கு வந்து ஹெச்.எம்.மிடம் பேசினார். பத்து நிமிஷத்தில் பெயர் பதிவாகிவிட்டது.

இரண்டு வருஷமாக மகன் அங்கே போகிறான். வீட்டிலிருந்து நடக்கிற தூரம். கிடைத்ததைச் சொல்கிறேன். போன வருஷம் சுழி 168. அவன் வகுப்பில் இருபத்தேழு பிள்ளைகள். அதில் பதினொரு பேரின் பெயரை அவனுடைய உச்சரிப்பில் சொல்கிறான். ஸ்பெஷல் ஸ்கூலில் அவனுக்கு டம்ளர் பிடிக்க வந்தது. இங்கே அடுத்தவனிடம் “தா” என்று கேட்க வந்தது. மத்தியானச் சாப்பாட்டில் பக்கத்தில் உட்கார்கிற பெண் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள், முட்டையை நாலாகப் பிய்த்து அவன் தட்டில் வைப்பாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தெருவில் அவனைப் பார்த்தால் பிள்ளைகள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அதற்கு முன்னால் அவனைக் குறிப்பதற்கு அவன் குறைபாட்டைத்தான் சொல்வார்கள்.

கிடைக்காததையும் சொல்ல வேண்டும். ஒரு டீச்சர் அத்தனை பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு இவனுக்குத் தனியாகப் பாடம் எடுப்பது நடக்காத காரியம். சிறப்பாசிரியருக்குப் பல பள்ளி, நம் பள்ளிக்கு முறை வைத்துத்தான் வர முடியும். அவர் வராத நாளில் மகன் பெரும்பாலும் வேடிக்கை பார்க்கிறவன்தான். பள்ளிக்குள் ஏறச் சாய்தளம் இருந்தது, கழிப்பறை வாசலில் ஓர் அடி உயரப் படி இருந்தது. சேர்க்கிற அன்றைக்கே கழிப்பறையைப் போய்ப் பார்த்துவிடுங்கள். நான் பார்க்கவில்லை, முதல் மாதம் முழுக்க அவன் தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறான். அப்புறம் பெற்றோர் கூட்டத்தில் கேட்டு, சிமென்ட் பூசிச் சரிவாக்கினார்கள்.

பி.ஆர்.சி. தெரபியில்தான் எங்கள் வீட்டுக் கணக்குச் சரியாக வந்தது. எங்களுக்கு முதலில் சொன்ன நாள் புதன்கிழமை. என் வீட்டுக்காரர் ராமேஸ்வரம் விசைப்படகில் போகிறவர். திங்கள், புதன், சனி கடல். போன மறுநாள் காலை கரைக்கு வந்து தூங்கி எழுந்தால் மத்தியானம். வாரத்தில் அவருடைய கை முழுசாகக் காலியாக இருக்கிற நாள் வெள்ளி ஒன்றுதான். பிசியோ சாரிடம் இதைச் சொன்னேன். படகுக் கணக்கைச் சொல்லி நாளை மாற்றிக் கேட்ட முதல் ஆள் நான்தானாம். வெள்ளிக்கு மாற்றிக் கொடுத்தார். பத்து வயதுப் பிள்ளையை என்னால் தனியாகத் தூக்க முடியாது. அவர் தூக்குகிறார். கால் நீட்டுகிற பயிற்சியை இப்போது அவரும் கற்றுக்கொண்டுவிட்டார், என்னைவிட அவர் கை பதமாக இருக்கிறது.

பாம்பன் தங்கச்சியின் வீட்டுக்காரர் நாட்டுப்படகு. விசைப்படகு போகாத நாளில்தான் அவர்கள் போவார்கள். ஆக அவளுக்குத் திங்கள், புதன், சனியில் ஆள் இருக்கிறது. எனக்கு உதவாத நாள் அவளுக்கு உதவும்.

வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுப்பது

பல்வகைக் குறைபாடோ தீவிரக் குறைபாடோ உள்ள பிள்ளை வீட்டிலிருந்தே படிக்க, கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-ல் திருத்தம் கொண்டுவந்து உரிமை கொடுத்தார்கள். பி.ஆர்.சி.யிலிருந்து ஆள் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுப்பார்கள். படுத்த படுக்கையான பிள்ளைக்கும், ஆபரேஷன் முடிந்து மாவுக்கட்டோடு இருக்கிற பிள்ளைக்கும் இதுதான் சரி. உட்கார வைத்தால் உட்காருகிற பிள்ளைக்கு இதை முதல் வழியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் எண்ணம். வாரத்துக்கு ஒரு முறை வருகிற ஒருவரைத் தவிர வேறு முகமே பார்க்காமல் பிள்ளை பாயோடு பாயாகிவிடும். நாமும்தான்.

ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே, அது எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் மாதிரி. பெரும்பாலும் பள்ளியும் லீவு, படகும் லீவு. கையில் காசு இருக்காது, ஆள் இருப்பார்கள். வீட்டுக்காரர் பழைய படகுப் பலகையை அறுத்து மூலையில் சாய்ந்து உட்காருகிற நாற்காலி ஒன்று செய்தார், அளவைப் பிசியோ சார் தாளில் வரைந்து கொடுத்தார். முன்னால் ஒரு பலகை. அதில் வலை மிதவைகளைக் கொட்டி, சிவப்பு இந்த வாளியில், மஞ்சள் அந்த வாளியில் என்று பிரிக்கச் சொல்வோம். மிதவை பெரிதாக இருப்பதால் அவன் கைக்குப் பிடிபடும். அது பழகின பிறகு சோழி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு சோழியை எடுக்க அவனுக்கு நாற்பது நாள் ஆனது.

விடுதி

பார்வை இல்லாத பிள்ளைக்கும் காது கேளாத பிள்ளைக்கும் விடுதிப் பள்ளி என்பது வேறு விஷயம். பிரெய்லும் சைகை மொழியும் தெரிந்த ஆசிரியர்கள், தன்னைப் போன்ற பிள்ளைகள் என்று அவர்களுக்கு அங்கேதான் உலகம் விரியும். மதுரை சுந்தரராஜன்பட்டியில் 1985-ல் தொடங்கிய இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தில் படித்து வேலைக்குப் போனவர்கள் நம் பக்கத்து ஆட்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்வதுதான் பாசம் என்று நினைக்க வேண்டாம்.

அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள, வாய் திறந்து சொல்லத் தெரியாத சின்னப் பிள்ளை என்றால் நான் மாட்டேன் என்பேன். ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்கள் மறக்கக் கூடாத ஒரு தேதி 2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, மனநோய்க்காக அங்கே விடப்பட்டிருந்த 28 பேர் செத்துப்போனார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு, எனக்குத் தெரியும். ஆனால் அங்கே விட்டுவிட்டுப் போன குடும்பங்களும் நம்மைப் போலத்தான் களைத்துப் போயிருந்திருக்கும், நல்லாகிவிடும் என்று நம்பித்தான் விட்டிருக்கும். நாங்கள் பார்க்கப் போன விடுதியில் முன்னறை பளபளவென்று இருந்தது. பிள்ளைகள் படுக்கிற அறையைப் பார்க்கணும் என்றேன். இன்னொரு நாள் வாங்க என்றார்கள். அந்த ஒரு சொல் எனக்குப் போதுமானதாக இருந்தது.

வேறு வழியே இல்லாத வீடுகளும் உண்டு. தாய் இல்லாத பிள்ளை, வயதான பாட்டி மட்டும் இருக்கிற வீடு. அங்கே விடுதிதான் வழி என்றால், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் போய்ப் பாருங்கள். அரசுப் பதிவுச் சான்றைக் கேளுங்கள், பதிவில்லாமல் நடத்தக் கூடாது. ராத்திரி பிள்ளைகளோடு யார் படுக்கிறார்கள், எத்தனை பேருக்கு ஒருவர் என்று கேளுங்கள். கழிப்பறையைப் பாருங்கள். பெண் பிள்ளை என்றால் இன்னும் பத்து மடங்கு கேளுங்கள்.

தூரத்தில் பேர்போன இடங்கள் இருக்கின்றன. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் 2005-லிருந்து இருக்கிறது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இருக்கிறது. அங்கெல்லாம் ஒருமுறை போய் முழு மதிப்பீடு செய்துகொண்டு, நமக்கான பயிற்சியையும் எழுதி வாங்கிக்கொண்டு வரலாம். துணையில்லாமல் பயணம் செய்ய முடியாத அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்கும் உடன் போகிற ஒருவருக்கும் ஸ்லீப்பர் டிக்கெட்டில் 75 சதவீதம் சலுகை உண்டு.

எந்தக் கூட்டத்துக்குப் போவது, எதை விடுவது

முகாம், விழா, பேரணி, குறைதீர் நாள் என்று அழைப்பு வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலி போகும். எல்லாவற்றுக்கும் போக வேண்டியதில்லை.

பி.ஆர்.சி. மூலம் நடக்கிற மருத்துவ மதிப்பீட்டு முகாமைத் தவற விடாதீர்கள். எலும்பு, காது, கண், மனநலம் என்று எல்லா டாக்டர்களும் ஒரே இடத்துக்கு வருவார்கள். சக்கர நாற்காலிக்கும் காலணிக்கும் காது மெஷினுக்கும் அங்கேதான் அளவெடுப்பார்கள். பெரியாஸ்பத்திரியில் மூன்று நாள் ஆகிற வேலை அங்கே ஒரு நாளில் முடியும். ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ இரண்டிரண்டு நகல் கொண்டுபோங்கள். ஒரு தூக்குச் சட்டியில் சோறும் கொண்டுபோங்கள், சாயங்காலம் ஆகிவிடும்.

டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தின விழாவில் பேச்சு நீளமாகத்தான் இருக்கும். ஆனால் அதையொட்டி நடக்கிற விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளையைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். என் மகன் பந்து எறிவதில் கலந்துகொண்டான். பந்து அவன் காலடியிலேயே விழுந்தது. மைக்கில் அவன் பெயரைச் சொன்னார்கள், அதை இன்றைக்கும் எனக்கு நடித்துக் காட்டுகிறான். ஏப்ரல் 2 ஆட்டிச விழிப்புணர்வு நாள், மார்ச் 21 டவுன் சிண்ட்ரோம் நாள் இதெல்லாம் அந்தந்தப் பிள்ளையின் பெற்றோருக்குப் பலன் தரும், மற்றவர்கள் விட்டுவிடலாம்.

திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்குக் குறிப்பான கோரிக்கை இருந்தால் மட்டும் போங்கள். “உதவி செய்யுங்கள்” என்று மனு எழுதினால் அது சுற்றிச் சுற்றி வரும். “உதவித்தொகைக்கு இந்தத் தேதியில் விண்ணப்பித்தேன், இந்த எண், இன்னும் வரவில்லை” என்று எழுதினால் பதில் வரும். கிராம சபையை யாரும் நினைப்பதில்லை. வருஷத்தில் ஆறு முறை ஊரிலேயே நடக்கிறது. பஸ் ஏறவே வேண்டாம். பள்ளிக் கழிப்பறைப் படி, தெருவில் சக்கர நாற்காலி போகாத பள்ளம் எல்லாம் அங்கே பேச வேண்டிய விஷயம்.

எல்லாவற்றையும் விட எனக்கு அதிகம் கிடைத்தது தெரபிக்குக் காத்திருந்த பெஞ்சில்தான். கீழக்கரை லாத்தா ஒருவர், பதினேழு வயது மகனோடு வந்திருந்தார். நிராமயா காப்பீட்டைப் பற்றி அவர் சொல்லித்தான் தெரியும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு நாலுக்கும் வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவும் அதில் சேர்த்தி. பிள்ளைக்கு 18 வயது முடிந்தால் பெற்ற தாய்க்கே சட்டப்படி கையெழுத்துப் போட உரிமை இல்லை, கலெக்டர் தலைமையில் இருக்கிற உள்ளூர்க் குழுவில் பாதுகாவலராக எழுதி வாங்க வேண்டும் என்றும் அவர்தான் சொன்னார். அதற்கான காகிதங்களை ஒரு மஞ்சள் பையில் வைத்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து எனக்குக் காட்டி, மறுபடி அதே வரிசையில் அடுக்கி வைத்தார். அப்புறம் நாங்கள் ஏழு அம்மாக்கள் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை தெரபி முடிந்ததும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவதென்று வைத்துக்கொண்டோம். அதற்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை.

பாம்பன் தங்கச்சிக்கு நான் சொன்ன முடிவு இது. முதலில் காது டெஸ்ட். காதில் குறை என்றால் ஆபரேஷனுக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் எத்தனை முறை அலைந்தாலும் அலை. அந்த அலைச்சலுக்கு ஒரு முடிவு உண்டு, அதற்காகக் கூலி போனாலும் போகட்டும். காது நன்றாக இருந்தால் அங்கன்வாடியை நிறுத்தாதே, இடையீட்டு மையத்துக்கு வாரத்தில் ஒரு நாள் அவர் கரையில் இருக்கிற நாளில் கூட்டிப்போ. ஐந்து வயதில் ஊர்ப்பள்ளியில் பெயரைப் பதிந்துவிட்டு, பி.ஆர்.சி.யில் நாள் கேள். ஸ்பெஷல் ஸ்கூலை ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம், சுழியை எண்ணிவிட்டு. மதுரைப் பேச்சு இப்போதைக்கு வேண்டாம், மாமனாரிடம் நான் வந்து பேசுகிறேன்.

வருகிற திங்கள்கிழமை அவளும் அவள் வீட்டுக்காரரும் கிளம்புகிறார்கள். காது கேட்கிறதா என்று பார்க்கிற பெரா டெஸ்ட் எடுக்கும்போது பிள்ளை நன்றாகத் தூங்க வேண்டும், முழித்துக்கொண்டு தலையை ஆட்டினால் இன்னொரு நாள் வா என்பார்கள். அதனால் ஞாயிறு ராத்திரி மகளை நேரத்தோடு தூங்கவிடாதே, விடிகாலையில் எழுப்பிவிடு, பஸ்ஸிலும் தூங்கவிடாதே என்று சொல்லியிருக்கிறேன். பாலத்தில் கடலைக் காட்டிக்கொண்டே போனால் முழித்திருப்பாள். அவளுக்குப் பிடித்த துணிப் பொம்மையை எடுத்துக்கொள்ள வேண்டும், ஆஸ்பத்திரியில் தூங்க வைக்க அது வேண்டும்.